பெரியவர்கள் சண்டையில் பிள்ளைகளின் நட்பு போகலாமா?

நான் 36 வயது இல்லத்தரசி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று போனது. கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் பட்டதை அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

என் இளைய மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்று வலி என்று சுருண்டு படுத்து விடுவான். "உடம்புக்கு ஒண்ணுமில்லைம்மா, பள்ளிக்கூடம்னா பயப்படுறான்" என்றார் டாக்டர். நானும் அவரும் ஒரு வருடம் யோசித்து, கடைசியில் பள்ளியை விட்டு நிறுத்தினோம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் வாங்கிய ஏச்சுக்கு அளவே இல்லை. "பத்தாவது படிச்சவ பிள்ளைக்குப் பாடம் நடத்தப் போறாளாம்!" என்று நாத்தனார் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

அப்போதுதான், எங்கள் ஊரிலேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஆறு குடும்பங்கள் சேர்ந்து பழகுவது தெரிய வந்தது. நாங்களும் சேர்ந்து ஏழானோம். இதை 'அன்ஸ்கூலிங்' என்கிறார்கள். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1977ல் ஒரு பத்திரிகை தொடங்கி, அதன் மூலம் இந்த வார்த்தையைப் பரப்பினாராம். மணி இல்லை, மார்க் இல்லை. பிள்ளை எதை ஆசையாகக் கேட்கிறதோ, அதைப் பிடித்துக்கொண்டே கற்றுக்கொள்வது. சந்தையில் காய் நிறுக்கும்போது கணக்கு, அடுப்படியில் பால் திரியும்போது அறிவியல்! பின்னால் சான்றிதழ் வேண்டுமென்றால், 14 வயது முடிந்ததும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக் கொள்ளலாம்.

வாரம் இரண்டு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். நாங்கள் இந்துக்கள் மூன்று குடும்பம், கிறிஸ்தவர்கள் இரண்டு, முஸ்லிம் ஒன்று, சாமியே கும்பிடாத பெரியார் வழிக் குடும்பம் ஒன்று. ஒரு வருடம் எந்த வம்பும் இல்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முதல் வாரம். பிள்ளைகள் களிமண் பிசைந்து விளையாடினார்கள். ஒரு பெண் குழந்தை அழகாகப் பிள்ளையார் செய்து, எல்லோரையும் கும்பிடச் சொன்னாள். கிறிஸ்தவத் தோழியின் பையன், "பொம்மையைக் கும்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க" என்றான். அந்தக் குழந்தை அழுதாள். அதோடு விட்டிருந்தால் அரை மணியில் மறந்து விளையாடியிருப்பார்கள். என் வாய் சும்மா இருந்ததா? "பிள்ளைக்கு நல்லதைச் சொல்லிக் கொடுங்க தங்கச்சி" என்று எல்லார் முன்னாலும் சொல்லி விட்டேன். அவள் முகம் செத்துப் போனது. "நீங்க எல்லாருமே இல்லாத ஒண்ணுக்குத்தானே சண்டை போடறீங்க!" என்றார் பெரியார் வழிக் குடும்பத்து அக்கா. அப்புறம் ஆளுக்கொரு பேச்சு. அடுத்த வாரம் மூன்று குடும்பம் வரவில்லை.

அன்று ராத்திரி என் மகன் கேட்டான்: "அவன் ஏம்மா வரலை? நாங்க சண்டையே போடலையே?"

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வகுப்பில் நாற்பது பேர். ஒருவன் பேசாவிட்டால் இன்னொருவன் இருக்கிறான். எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பதே இந்த ஒரு டஜன் நட்புதான். இதையும் நாங்களே பிடுங்கினால், 'இதுக்குத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினாயா?' என்று நாளை என் மகன் கேட்க மாட்டானா?

மறுநாள் அந்தத் தோழி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "உள்ள வாங்கக்கா" என்றாள். "நான் பேசினது தப்பு தங்கச்சி" என்றேன். "எனக்கும் தூக்கமில்லைக்கா. அவன் சொன்ன விதமும் தப்புதான்" என்றாள். அவள் தன் நம்பிக்கையை மாற்றிக் கொள்ளவில்லை. நானும் மாற்றிக் கொள்ளவில்லை. காபி குடித்து விட்டு வந்தேன்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி, சில விஷயங்களை முடிவு செய்தோம்.

முதலாவது, நாம் கூடுவது பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும். யாரையும் யாரும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, பிள்ளைகள் சாமியைப் பற்றிக் கேட்டால், "எங்க வீட்டில் இப்படி, உங்க வீட்டில் எப்படின்னு அம்மாகிட்ட கேளு" என்று சொல்வது. 'எங்க வீட்டில்' என்ற இரண்டு வார்த்தை எத்தனை சண்டையைத் தடுக்கிறது தெரியுமா!

மூன்றாவது, பண்டிகைக்குக் கூப்பிடலாம். வராவிட்டால் காரணம் கேட்கக் கூடாது. பொதுச் சாப்பாடு சைவம்தான். ரம்ஜான் நோன்பு நாட்களில் வெளியூர்ச் சுற்றுலா கிடையாது.

நான்காவது, சாப்பிடும் முன் அரை நிமிடம் அமைதி. வேண்டுகிறவர்கள் அவரவர் முறையில் வேண்டலாம். "நான் யாரைக் கும்பிட?" என்றார் பெரியார் வழி அக்கா. "நீங்க சாம்பார் ஊத்துங்கக்கா" என்றோம். அவரே சிரித்து விட்டார்.

ஐந்தாவது, மனத்தாங்கல் வந்தால் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் மட்டும் தனியாகப் பேசுவது. பிள்ளைகள் முன்னால் கூடவே கூடாது.

மனிதன் எப்படி வந்தான் என்று பிள்ளைகள் கேட்டபோதுதான் கொஞ்சம் திணறினோம். நாளை பரீட்சை எழுதப் போகிறவர்கள் ஆயிற்றே. அறிவியல் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே படிப்பது, வேத நூல் சொல்வதை அவரவர் வீட்டில் சொல்லிக் கொடுப்பது என்று பேசிக் கொண்டோம்.

நம் அரசியல் சட்டத்தின் 28வது பிரிவும் இதைத்தானே சொல்கிறது! அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில், சிறு பிள்ளைகளைப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், ஏழு வீட்டுத் திண்ணைக்கு வேண்டாமா?

எல்லாம் சுபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பம் திரும்பி வரவே இல்லை. அன்று பிள்ளையார் செய்து அழுதாளே, அந்தக் குழந்தையின் குடும்பம்தான். இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். மூன்றாம் முறையும் போவேன்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். ஆனால் மகளிர் குழு, குடியிருப்புச் சங்கம், சீட்டுக் கூட்டம் என்று நாம் கூடும் இடங்களிலும் இந்தப் பேச்சு எழத்தான் செய்கிறது. வாயைத் திறக்கும் முன், நம் பிள்ளை யாரோடு விளையாடிக் கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்து விட்டுப் பேசுவோமே!

- ஒரு வாசகி, கோவை.