தலைக்கு ஒரு ஷாம்பூ பாக்கெட்!

ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கைக் குளிப்பாட்டுகிறீர்கள். பையனின் கிரிக்கெட் தொப்பிக்குக்கூட சோப்பு போடுகிறீர்கள். ஹெல்மெட்டுக்கு? வாங்கிய நாளிலிருந்து உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. அப்புறம், 'நாத்தம் தாங்கலை சார், முடி கொட்டுது' என்று அதைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துவிட்டு ஓட்டுவது. டேங்க்குக்கா மண்டை உடையப்போகிறது?

இன்னும் சில மேதாவிகள் பெட்ரோல் தொட்டுத் துடைக்கிறார்கள். பிளாஸ்டிக் ஓடு பலம் இழக்கும். உள்ளேயிருக்கும் தெர்மகோல் கரையும். அடியைத் தாங்கிக்கொள்வதே அந்தத் தெர்மகோல்தானய்யா!

லேசான ஷாம்பூ, தண்ணீர், நிழலில் ஒரு நாள். போதும்.

காமர்ஸ் படித்தவன் கணக்குச் சொல்கிறேன். ஷாம்பூ பாக்கெட் 2 ரூபாய். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால், 2022-லிருந்து தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய். தலைக்கு? எந்தக் கடையிலும் விலைப்பட்டியல் இல்லை.