பச்சோந்தி “திடீர்னு” சாகறதில்லை

தலைப்பைப் பாத்துட்டு, கட்சி தாவின யாரோ ஒரு தலைவரைப் பத்தின பதிவுன்னு ஓடி வந்தவங்க அப்படியே பின்வாசல் வழியா கிளம்பிடலாம். இது நிஜப் பச்சோந்தி பத்தின பதிவு. சுருட்டின வாலு, ஆளுக்கொரு திசையில சுத்துற ரெண்டு கண்ணு, உடம்பு நீளத்துக்கு மேல நீளுற நாக்கு, அந்த ஜீவனேதான். உள்குத்து எதுவும் இல்லை. எல்லாமே வெளிக்குத்துதான்.

விஷயத்துக்கு வரேன். நான் பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற அமெரிக்க ஊர்ல, செல்லப்பிராணிக் கடைகள்ல பச்சோந்தி விக்கிறாங்க. பெரும்பாலும் ‘வெய்ல்டு’ங்கிற வகை. தலைக்கு மேல கோபுரம் மாதிரி ஒரு கொண்டை இருக்கும். பூர்வீகம் ஏமனும், சவூதி அரேபியாவோட தென்மேற்கு மூலையும். ஹவாய் மாதிரி தடை இருக்கிற இடங்களைத் தவிர்த்து, சட்டப்படி வாங்கலாம். 2010ல வந்த ‘டேங்கில்டு’ படத்துல ரப்பன்சல் தோள்ல உக்காந்திருக்கிற பாஸ்கலைப் பாத்துட்டுப் பசங்க கேப்பாங்க, அப்பா கார்டைத் தேச்சுடுவாரு. ஒரு வருஷம் கழிச்சு “எங்கங்க உங்க பச்சோந்தி?”ன்னு விசாரிச்சா, எல்லா வீட்லயும் ஒரே டயலாக்: “நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு செத்துப்போச்சு.”

இந்த “திடீர்னு”ங்கிற வார்த்தையோடதான் இன்னிக்குச் சண்டை.

நம்ம தொழிலையே எடுத்துக்கோங்க. ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துக்குது. “திடீர்னு படுத்துருச்சு சார்”னு மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்களேன். லாகைத் தொறந்தா டிஸ்க் ரொம்பிக்கிட்டே வர்றதைப் பத்து நாளா அது எழுதிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். யாரும் படிக்கலை, அவ்ளோதான். பச்சோந்தியும் தினம் லாக் எழுதுது. கண்ணுல எழுதுது, தோல்ல எழுதுது, எச்சத்துல எழுதுது. படிக்காம இருந்துட்டு, செத்தப்புறம் பழியைத் தூக்கி அது தலையிலயே போடறோம்: “ரொம்ப நோஞ்சான் ஜாதிங்க அது!”

அதுகிட்ட ஒரு பிரச்சினை இருக்குங்கிறது உண்மைதான். காட்டுல சீக்காளின்னு தெரிஞ்சா பறவையோ பாம்போ தூக்கிட்டுப் போயிடும். அதனால முடியற வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே காட்டிக்கும். நாயி மாதிரி முனகாது, பூனை மாதிரி வந்து மடியில படுக்காது. அதனாலதான் அது சாப்பாட்டை நிறுத்திட்டுப் பகல்லயே கண்ணை மூடி உக்காந்திருக்கும்போது, நமக்கு அது ஆரம்பம் மாதிரி தெரியுது. ஆனா வியாதிக்கு அது இடைவேளைக்கு அப்புறம் வர்ற காட்சி.

முதல்ல தண்ணி. கடைக்காரர் கண்ணாடித் தொட்டி, ஒரு கிண்ணம், ஒரு சுருள் பல்பு எல்லாத்தையும் ஒரே அட்டைப்பெட்டியில போட்டு “புதுசா வளக்கறவங்களுக்கு ஏத்தது”ன்னு குடுக்கறாரே, அந்தக் கிண்ணம் பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான் ஆகும். பொதுவா பச்சோந்திகளுக்குத் தேங்கி நிக்கிற தண்ணி தண்ணியாவே தெரியறதில்லை. அதுங்க பனித்துளியையும் மழைத்துளியையும் இலையிலேருந்து நக்கிக் குடிச்சுப் பழகின ஜாதி. கிண்ணம் நிறைய தண்ணி இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து காய்ஞ்சுபோகும். 2011ல வந்த ‘ராங்கோ’ படத்துல கண்ணாடித் தொட்டியில வளந்த பச்சோந்தி, மொஹாவே பாலைவனத்துல தண்ணி இல்லாத ஊருக்குப் போய் மாட்டிக்கும். நம்மாளுங்க வீட்ல பாலைவனத்துக்கே போக வேணாம், கண்ணாடித் தொட்டியே போதும்.

சரி, லாகை எப்படிப் படிக்கிறது? தினமும் 5 நிமிஷம். ஆணி பிடுங்கப் போறதுக்கு முன்னாடி.

1. எச்சம். நம்ம ஊரு வீட்டுச் சுவத்துல பல்லி எச்சம் பாத்திருப்பீங்க. கறுப்பா இருக்கும், ஒரு முனையில மட்டும் வெள்ளையா இருக்கும். அந்த வெள்ளைதான் அதோட ‘மூத்திரம்’. யூரிக் அமிலமாக் கெட்டியா வெளியே வருது. பச்சோந்திக்கும் அதே கதைதான். அந்தப் பகுதி வெள்ளையா இருந்தா தண்ணி போதுது. நல்ல மஞ்சளாகி ஆரஞ்சு நிறத்துக்குப் போச்சுன்னா உடம்புல தண்ணி பத்தலை. இதைவிட மலிவான லேப் ரிப்போர்ட் உலகத்துலயே கிடையாது. ஆனா பாதிப் பேரு டிஷ்யூவை வெச்சுத் தொடச்சுட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிடறாங்க. (கையைக் கழுவுங்க, சால்மொனெல்லா இருக்கலாம். தொடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்கன்னுதான் சொல்றேன்.)

2. கண்ணு. கூம்பு மாதிரி வெளியே துருத்திக்கிட்டுச் சதா சுத்திக்கிட்டு இருக்கணும். குழி விழுந்துச்சுன்னா தண்ணிக்குறை, இல்லைன்னா வேற நோய். பகல்ல கண்ணை மூடிட்டு இருந்தா “பாவம், தூங்குது”ன்னு கொஞ்சாதீங்க. நல்லா இருக்கிற பச்சோந்தி பகல்ல தூங்காது. வீங்கின கண்ணுன்னா கண்ணுல தொத்தோ வைட்டமின் ஏ குறைவோ இருக்கலாம்.

3. தோலும் கொண்டையும். தோல் தொங்கிச் சுருங்கி, கொண்டையோட பக்கங்கள் உள்வாங்கி ஒட்டிப்போனா அதுவும் தண்ணிக்குறைதான்.

4. வாய். விளக்குக்குக் கீழ வெயில் காயும்போது கொஞ்சம் வாயைத் திறந்தா சூட்டைத் தணிக்குதுன்னு அர்த்தம். நிழல்ல உக்காந்து, தலையை மேல தூக்கி வாயைத் திறந்து வெச்சிருந்தா, மூச்சு விடறப்போ டிக் டிக்னு சத்தம் வந்தா, சளி நுரைச்சா, அது நுரையீரல் தொத்து. வாயோரத்துல மஞ்சளாக் கட்டி கட்டியா தெரிஞ்சா சீழ். ஊர்வனவற்றோட சீழ் ஒழுகாது, பன்னீர் மாதிரி கெட்டியா இருக்கும்.

5. காலும் தாடையும். கால் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, பிடி நழுவுது, நடுங்குது, தாடை ரப்பர் மாதிரி அமுங்குது, பூச்சி மேல விட்ட நாக்கு முழுசா உள்ள போக மாட்டேங்குதுன்னா எலும்பு கரையுதுன்னு அர்த்தம். குழந்தைங்களுக்கு வர்ற ரிக்கெட்ஸுக்குச் சொந்தக்காரன். கால்சியம் பத்தலை, புற ஊதாக் கதிர் பத்தலை. ஜன்னலோரம் வெச்சிருக்கேனேம்பீங்க. கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிடும். விளக்கோ, வெளிச்சம் குறையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் கதிர் நாளாக நாளாகக் குறையும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும்.

6. தரையில உக்காந்திருந்தா. மரத்துல வாழற ஜீவன் சும்மா தரைக்கு வராது. முடியாமத்தான் வரும். பொட்டையா இருந்தா இன்னொரு காரணமும் இருக்கலாம்: முட்டை. ஆண் துணையே இல்லாட்டியும் வெய்ல்டு பொட்டை முட்டை வெக்கும். தோண்டறதுக்கு ஈரமணல் இல்லைன்னா முட்டை உள்ளயே தங்கி உயிருக்கே ஆபத்து. விக்கும்போது இதை எத்தனை கடையில சொல்றாங்க?

7. எடை. சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு தடவை கிராம் கணக்குல எழுதுங்க. எக்ஸெல் போடறதுதானே நம்ம பிழைப்பு?

நிறத்தை ஏன் பட்டியல்ல சேக்கலைன்னு கேக்கலாம். இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி கலர் மாத்தும்னு நாம நினைக்கிறதுல பெரும்பகுதி கட்டுக்கதை. 2015ல ஜெனீவா பல்கலைக்கழகத்துல மிலின்கோவிச் குழு, பாந்தர் பச்சோந்தியோட தோல்ல குவானின் நுண்படிகங்களோட இடைவெளி மாறுறதாலதான் நிறம் மாறுதுன்னு காட்டினாங்க. 2013ல லிகனும் மெக்ராவும் வெய்ல்டு ஆண்கள் சண்டைக்கு நிக்கும்போது நிறத்தாலயே பேசிக்கிறதை அளந்து எழுதினாங்க. அதாவது, நிறம்ங்கிறது அதோட மனசும் உடம்புச் சூடும் வெளியே தெரியறது. அதை ஏமாத்துக்காரங்களுக்குப் பட்டப்பேரா வெச்சது நம்ம புண்ணியம். காலையில குளிருக்குக் கறுத்திருந்தா பயப்பட வேணாம், வெயிலை வாங்கிக்கத்தான் கறுக்குது. நாள் பூரா கறுத்தோ வெளிறியோ கிடந்தா, மேல சொன்ன ஏழையும் ஒண்ணொண்ணாப் பாருங்க.

இவ்வளவும் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. கூட வேலை பாக்கிற நண்பர் ஒருத்தரோட பையன் வளத்த பச்சோந்தி போன வருஷம் செத்துப்போச்சு. வழக்கம்போல “திடீர்னு”. பையன் அழுதுக்கிட்டே அப்பாவோட போன்ல அதோட படமெல்லாம் காட்டினான். முதல் வாரப் படத்துல கண்ணு ரெண்டும் பட்டாணி மாதிரி துருத்திக்கிட்டு இருக்கு. மூணாவது வாரத்துல லேசாக் குழி. ஆறாவது வாரத்துல அதே கிளை, அதே பகல் வெளிச்சம், கண்ணு மூடியிருக்கு. கீழ “ஸோ க்யூட், தூங்குறான்”னு எழுதி, குடும்ப வாட்ஸப் குழுவுல போட்டு, பதினஞ்சு பேரு இதயம் போட்டிருக்காங்க. பதினஞ்சு பேரு பாத்திருக்காங்க, ஒருத்தர்கூடப் படிக்கலை. பையனைச் சொல்லி என்ன பண்றது? அவனுக்கு எட்டு வயசு. “தினம் தண்ணி ஊத்தினா போதும்”னு சொல்லி அனுப்பின கடையைத்தான் சொல்லணும். அவனும் தினமும் ஊத்தியிருக்கான். கிண்ணத்துல.

இப்ப வழக்கமா வர்ற எதிர்க்கேள்விகள்.

“ஏமன்ல என்ன ஸ்ப்ரேயா அடிக்கிறாங்க? அங்க வறட்சியிலயே வாழுதே?” அங்க ராத்திரி ஈரம் இருக்கு, விடிகாலைப் பனி இருக்கு, பிடிக்கலைன்னா அடுத்த மரத்துக்குப் போற சுதந்திரம் இருக்கு. உங்க தொட்டியில அடுத்த மரம் எங்க இருக்கு? காத்தோட்டமான வலைக்கூண்டு, நிறைய இலை, காலையிலயும் ராத்திரியிலயும் சில நிமிஷம் நீர்த்தூவல், நடுவுல காயறதுக்கு நேரம், பகல்ல சொட்டுச்சொட்டா விழற தண்ணி. இது ஆடம்பரம் இல்லை, நாம பிடுங்கிக்கிட்டதைத் திருப்பிக் குடுக்கிறது. எந்நேரமும் நனைச்சே வெச்சா நுரையீரல் கெடும், அதையும் சொல்லிடறேன்.

“டாக்டர் ஃபீஸ் பச்சோந்தி விலையைவிட ஜாஸ்தியா இருக்கே?” ஆமாங்க, இருக்கும். வாங்குற அன்னிக்கே அதைச் சேத்துக் கணக்குப் போடணும். முடியலைன்னா வாங்காதீங்க. நாலு காசுக்கு வாங்கினதால அதுக்கு வலி நாலு காசுக்குத்தான் இருக்கும்னு இல்லை. தண்ணிக்குறை முத்திப்போச்சுன்னா ஊர்வன பாக்கத் தெரிஞ்ச டாக்டர் தோலுக்கடியில ஊசி மூலமா திரவம் ஏத்துவார். நாள்பட்டா சிறுநீரகமே போயிடும், மூட்டுல யூரிக் அமிலம் படிஞ்சு வீங்கும். வாயைப் பிளந்து சிரிஞ்சால தண்ணியைப் பீச்சற வீட்டு வைத்தியம் வேணாம். நுரையீரலுக்குள்ள போச்சுன்னா இருக்கிற உசுரும் போயிடும்.

“இவ்ளோ தொல்லைன்னா எதுக்கு வளக்கணும்?” இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு அழற கதை நம்மளுக்குத்தானே இருக்கு? தினம் பாக்க நேரம் இல்லாதவங்க வளக்கக்கூடாது. கையில எடுத்துக் கொஞ்சணும்னு ஆசைப்படறவங்களும் வேணாம், அதுக்குத் தொடறது பிடிக்காது. இலைக்கு நடுவுல ஒரு ஜீவன் தன் போக்குல வாழறதைத் தள்ளி நின்னு பாக்கறதே போதும்னு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது.

ஊர்ல இருக்கிற மக்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம காடு கழனியில இருக்கிற இந்தியப் பச்சோந்தி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிக்கிறதும் விக்கிறதும் வீட்ல வெச்சிருக்கிறதும் குத்தம். அடிபட்டுக் கிடந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. வெளிநாட்டு இனம்னாலும் 2022 சட்டத் திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் அப்புறம் பதிவு பண்ணாம வெச்சுக்க முடியாது.

கடைசியா ஒண்ணு. கத்தத் தெரியாத ஜீவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றவன், கேக்கிறதுக்குப் பதிலாப் பாக்கிறதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் கூட்டிட்டு வர்றான். அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது நாம மட்டும்தான், அது இல்லை. இனிமே உங்க சிநேகிதர் யாராவது “திடீர்னு செத்துப்போச்சு”ன்னு சொன்னா, ஆறுதல் சொல்லிட்டு, அடுத்த பச்சோந்தி வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “எச்சம் என்ன கலர்ல இருந்துச்சு?” பதில் தெரியலைன்னா, கடைப்பக்கமே போக வேணாம்னு சொல்லுங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், கால்நடை டாக்டர் இல்லை. அறிகுறியைக் கண்டுபிடிக்கிறது உங்க வேலை, வைத்தியம் பண்றது அவங்க வேலை. மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. ஆனா “பல்லிதானே பாஸ்”னு மட்டும் ஆரம்பிக்காதீங்க :-)