விடியற்காலை இடி எங்கிருந்து வருகிறது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலை நான்கு மணி இருக்கும். அம்மா அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு, வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் தெரியும். ஆனால் கடல் பக்கம் மட்டும் சத்தமே இல்லாமல் பளிச் பளிச்சென்று மின்னும். "இன்னிக்கு மரம் வெட்டின மாதிரிதான்" என்பார். அவர் சொன்னபடியே, பிரட்டு முடிவதற்குள் காற்று சுழன்றடிக்கும், மழை கொட்டும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை.

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்து மக்களுக்கு இரண்டு விதமான இடிமழை பழக்கம். ஒன்று பிற்பகலில் வருவது. மற்றொன்று விடியலில் வருவது. இரண்டுக்கும் பிறந்த வீடு வேறு.

முதலில் பிற்பகல் இடியைப் பார்ப்போம். இது நம் மண்ணிலேயே பிறப்பது. காலை வெயிலில் தரை சூடாகிறது. ஈரம் நிறைந்த காற்று, இட்லிப் பானையின் ஆவி போல மேலே எழுகிறது. உயரம் கூடக் கூடக் குளிர் கூடுவதால், ஈரம் சிறு துளிகளாகி மேகமாகிறது. ஆவி நீராகும்போது, தன்னுள் இருந்த வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளும். இப்படியே மேகம் 10, 15 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரம் போல வளர்ந்துவிடும்.

நம் நாட்டு வானத்தில் சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே நீர் உறையும் குளிர். அங்கே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி உரசுவதால் மின்னூட்டம் பிரிகிறது. அது ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் மின்னலாகப் பாய்கிறது. மின்னல் பாயும் வழியில் காற்று சுமார் 30,000 டிகிரி வரை சூடேறிப் படீரென விரிகிறது. அதுவே இடி.

மழை விழும்போது குளிர்காற்றையும் கூடவே இழுத்து வருகிறது. மழைக்கு முன்னால் வந்து தகரக் கூரையைத் தடதடக்க வைக்கும் சில்லென்ற காற்று இதுதான். அந்தக் குளிர்காற்று தரையில் பரவியதும், மேகத்துக்குக் கீழிருந்து கிடைத்த சூடான காற்று நின்றுவிடுகிறது. அடுப்பை அணைத்த பானைபோல் மேகம் அடங்குகிறது. ஒரு தனி மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடற்காற்று இந்த மேகங்களை உள்ளே தள்ளுவதால், மாலை இடி ரவாங், கோலகுபு பாரு மலைப்பக்கத்தில்தான் மிகுதி.

சரி, விடியற்காலை இடி? அது அக்கரைச் சரக்கு! அதன் பெயரே 'சுமத்திரா'. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவு வேளையில் சுமத்திரா தீவிலும் மலாக்கா நீரிணையிலும் எழும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகச் சேர்ந்துகொள்கின்றன. அந்த வரிசையின் குளிர்காற்று முன்னால் பாய்ந்து, கடல்மேல் உள்ள சூடான ஈரக்காற்றை நெம்புகோல்போல் மேலே தூக்குகிறது. உடனே முன்வரிசையில் புதிய மேகம் பிறக்கிறது. பழையது அடங்க, புதியது எழ, அணிவகுப்பு நம் கரைக்கு வந்துவிடுகிறது. முதல் அடி செகிஞ்சானுக்கும் ஜெராமுக்கும். அடுத்தது ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தை.

கடல் பக்கம் சத்தமில்லாமல் மின்னியதன் காரணமும் இப்போது விளங்கும். இரவில் மின்னல் ஒளி நெடுந்தூரம் தெரியும். இடியோசையோ 15, 20 கிலோமீட்டரைத் தாண்டிக் கேட்பது அரிது. அம்மா பார்த்தது இன்னும் கடலைக் கடந்துகொண்டிருந்த மழையை!

இன்று பால்மரம் குறைந்து, செம்பனை நிறைந்துவிட்டது. ஆபத்து குறையவில்லை. குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பைத் தூக்கி நிற்பவர் மின்னலுக்கு வழிகாட்டி நிற்கிறார். ஆகவே சில பழக்கங்கள் வேண்டும்.

இடி இடித்தால் நம் பாட்டிமார் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் மின்னல் கண்டதும் தொடங்கி, நொடிக்கு ஒன்றாக எண்ணிச் சொல்லுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கம்பைக் கீழே போட்டுவிட்டு, சுவர் உள்ள கட்டடத்துக்கோ, கூரையும் கதவும் மூடிய வாகனத்துக்கோ போய்விடுங்கள். மரத்தடியும் திறந்த கொட்டகையும் வேண்டாம். மோட்டார் சைக்கிளும் காப்பாற்றாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் மின்சாரம் பாயும் என்று சிலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. 999-ஐ அழைத்துவிட்டு, மூச்சும் நாடியும் நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் திரும்பக்கூடும்.

வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை இப்போது கைத்தொலைபேசிக்கே வருகிறது. அதைப் பாருங்கள். வேலைக்குப் புறப்படுமுன், அம்மாவைப்போல் ஒரு முறை மேற்கேயும் பாருங்கள். நாள்கூலி போனால் நாளை சம்பாதிக்கலாம்.