முதலாளி இல்லாத பொய்

"டிவியும் பேப்பரும் விலைபோய்விட்டன. உண்மை வேண்டுமென்றால் யூடியூப்தான்." டீக்கடையிலிருந்து கல்லூரி வரை இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியாது. நான் திருப்பூர்க்காரன்; காரணத்தை நேரில் பார்த்தவன்.

2023 மார்ச் முதல் வாரம். எங்கள் தெருமுனைக் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பீகார் பையனுக்கு ஊரிலிருந்து அம்மாவின் போன் வந்தபடியே இருந்தது. தமிழ்நாட்டில் இந்திக்காரர்களை வெட்டுகிறார்களாம், உடனே கிளம்பி வா என்று அழுகை. அவனை இங்கே யாரும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இருந்தும் நான்கு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு ரயிலேறிவிட்டான். ஹோலிக்குப் போகிறவர்களோடு, பயந்து ஓடுகிறவர்களும் சேர்ந்து ஸ்டேஷனில் நிற்க இடமில்லை.

பரவிய வீடியோக்களில் ஒன்று, பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த அடிதடி. அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபுவே முன்வந்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது. பாட்னாவில் ஒரு வீட்டுக்குள் ஆட்களை நடிக்கவைத்து எடுத்த வீடியோவும் இருந்ததைப் பீகார் போலீஸ் கண்டுபிடித்தது. அந்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர், லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த ஒரு யூடியூபர். அவருக்கு மேலே எந்தக் கார்ப்பரேட் முதலாளியும் இல்லை. 'கையில் காசு வாங்காத தம்பி' என்று நம்மூரில் கொண்டாடுகிறோமே, அந்த வகைதான்.

அந்த மார்ச் முதல் வாரத்திலேயே, பெரிய இந்தி நாளிதழான தைனிக் பாஸ்கரின் ஆசிரியர் மீதும் இதே வதந்திக்காகத் திருப்பூரில் வழக்குப் பதிவானது. அதே வாரம் அந்த வீடியோக்களின் பூர்வீகத்தைத் தோண்டி உண்மையைச் சொன்னவர்களில், மக்களின் நன்கொடையில் நடக்கும் செய்தி சரிபார்ப்புத் தளமான ஆல்ட் நியூஸும் இருந்தது. தனி ஆள் என்றால் யோக்கியம், பெரிய கம்பெனி என்றால் அயோக்கியம் என்ற கணக்கு அந்த ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்கவில்லை.

முதலாளி இல்லாதவருக்கும் படியளக்க ஒருவர் உண்டு. அது பார்ப்பவர். அவருடைய கோபத்துக்குத் தீனி போடும்வரை வியூஸ் ஏறும். அவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்ன அன்றே சப்ஸ்கிரைபர் குறைவார்கள். விளம்பரதாரருக்குப் பயந்து செய்தியை அமுக்கும் ஆசிரியரை நான் மன்னிக்கவில்லை. ரசிகருக்குப் பயந்து செய்தியைத் திரிப்பவரை மட்டும் எதற்காக மன்னிக்க வேண்டும்?

பெரிய பத்திரிகைகள் விலைபோனதற்கும், அதைப் பெரிய பத்திரிகையே அம்பலப்படுத்தியதற்கும் ஒரே உதாரணம் உண்டு. 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது, முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து போட்டிப் பத்திரிகைகளில் வரிக்கு வரி ஒரே 'செய்தி' வந்தது. பக்கம் பக்கமாகப் புகழ்மாலை. அவர் காட்டிய தேர்தல் கணக்கிலோ, பத்திரிகை விளம்பரச் செலவு வெறும் 5,379 ரூபாய். இதை வெளியே கொண்டுவந்தவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். வெளியிட்டது தி இந்து, அதுவும் பெரிய பத்திரிகைதான். பழைய பேப்பர்களை அடுக்கிவைத்து ஒப்பிடவும், தேர்தல் கணக்கைத் தேடிப் படிக்கவும் அங்கே ஒருவருக்குச் சம்பளமும் அவகாசமும் இருந்தன. அதே சாய்நாத் 2014-இல் பாரி என்ற கிராமப்புற இந்தியாவுக்கான தளத்தைத் தொடங்கினார். வீடு மாறினார், தொழில் மாறவில்லை: ஊருக்குப் போவது, தங்குவது, கேட்டதைச் சரிபார்ப்பது.

போகாத ஊருக்கு வழி சொல்பவர்களைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு சேனலையோ பத்திரிகையையோ நம்புமுன் நான் பார்ப்பது இதைத்தான்: அந்த இடத்துக்கு இவர்கள் போனார்களா, எதிர்த்தரப்பிடம் பேசினார்களா, தவறினால் தவறை அதே அளவு சத்தமாக ஒப்புக்கொள்கிறார்களா. யார் காசில் நடக்கிறது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் அந்த மார்ச்சில் ஏமாந்தார்கள்.

கடைப் பையன் சித்திரையில் திரும்பி வந்தான். ஒரு மாதத்துக்கு மேல் கூலி போனது போனதுதான். "அது பொய்னு உங்க ஊர்ல அப்புறம் சொன்னாங்களா?" என்று கேட்டேன். அரைகுறைத் தமிழில், இல்லை என்றான். அது பொய் என்று அம்மாவுக்குச் சொன்னது அவன்தானாம்.