திருமணமும் திறக்காத கதவு

இந்தியக் குடிமகனை மணந்து ஏழாண்டுகள் இந்நாட்டில் வசித்த அயல்நாட்டவர் பதிவின் வழியே குடியுரிமை கோரலாம் என்கிறது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். ஆனால், மறுவாழ்வு முகாமில் வளர்ந்து உள்ளூர் இளைஞரை மணந்த ஈழ அகதிப் பெண்ணுக்கு இக்கதவு திறப்பதில்லை. கடவுச்சீட்டின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் விண்ணப்பிக்கவே தகுதியற்றவர் என்றது 2003ஆம் ஆண்டுத் திருத்தம். உயிர் பிழைக்கப் படகேறியவர் விசாவுக்கு எந்த வரிசையில் நின்றிருப்பார்?

தடை அவரோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குத் தந்தை இந்தியராக இருப்பது மட்டும் போதாது. தாய் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. தாயின் மீது குத்தப்பட்ட முத்திரை பிள்ளையையும் நாடற்றதாக்குகிறது.

முகாம்வாசிகளில் கணிசமானோர் மலையகத் தமிழர். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகளின் வழித்தோன்றல்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. பாட்டன் புறப்பட்ட மண்ணிலேயே பேத்தி இன்று அந்நியர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவருக்கு அம்முத்திரையை நீக்கியது, இலங்கையை விட்டுவிட்டது.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து 2025இல் ஒன்றிய அரசு விலக்களித்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் தண்டியாமை சலுகை, குடியுரிமையே உரிமை. குடிமக்களின் துணைவரையும் பிள்ளைகளையும் அவ்வரையறையிலிருந்து விடுவிப்பதே நாடாளுமன்றம் செய்ய வேண்டிய முதற்பணி.