ஆராய்ச்சி மணியை அறைக்குள் கட்டாதீர்!



மணமுறிவு வழக்கா? நீதிமன்றம் எதற்கு? நடுவர் ஒருவரை அமர்த்துங்கள். நான்கு சுவருக்குள் நான்கே அமர்வில் முடியும்! இப்படியொரு குரல் எழுகிறது. காதுக்கு இனிக்கிறது, கருதிப் பார்த்தாலோ கசக்கிறது.

குரல் எழக் காரணம் உண்டு, மறைப்பானேன்? இந்துத் திருமண வழக்கை ஆறு திங்களில் முடிக்க முயல வேண்டும் என்று 1976இல் சட்டத்தில் எழுதினர். குடும்பநல நீதிமன்றங்களுக்கென 1984இல் தனிச் சட்டம் கண்டனர். இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001இல் சேர்த்தனர். ஏட்டிலே எல்லாம் இருக்கிறது! நாட்டிலே? கைக்குழந்தையோடு படியேறியவள், அந்தக் குழந்தை பள்ளி செல்லும் பருவத்திலும் வாய்தா வாங்கி நிற்கிறாள்!

நோய் உண்மை. மருந்து நடுவரா?

இருவரும் இசைந்தால்தான் நடுவர். பிள்ளைக்குக் காலணி வாங்குவதிலேயே இசையாதவர், நடுவரின் பெயரில் இசைவராம்! இசைந்தாலும், அது உள்ளத்தின் இசைவா? உலையேற்ற வழியற்றவள் ஓய்ந்துபோய் இட்ட கையெழுத்தா? நடுவருக்கு ஊதியம் தருவோர் வழக்காடிகளே. அவ்விருவரில் பணப்பை எவர் கையில்?

குடும்பநல நீதிமன்றம் தவறினால் உயர் நீதிமன்றம் உண்டு. நடுவர் தவறினால்? 1996ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்திருப்பது ஊசித்துளை! சான்றுகளை மீண்டும் எடைபோட அங்கே இடமில்லை. மணமுறிவும் பிள்ளையின் பொறுப்பும் நடுவர் தீர்ப்புக்கு உரியவை அல்ல என்று 2011இல், பூஸ் ஆலன் வழக்கில், உச்ச நீதிமன்றம் உரைத்தது. மனைவியா அல்லவா என்பது இருவர் மட்டும் பேசி முடிக்கும் வணிகமன்று. உலகம் அறிய வேண்டிய நிலை. பிள்ளையோ, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதவன்!

கனடாவின் ஒண்டாரியோவைப் பாருங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப வழக்குகளுக்கும் நடுவர் முறையைத் திறந்துவிட்டது. மதச் சட்டப்படி தீர்க்கப்போகிறோம் என ஒரு சாரார் கிளம்பினர். பெண்கள் போர்க்கொடி உயர்த்தினர். நடுவர் இருக்கலாம், ஆனால் குடும்ப வழக்கில் கனடாவின் சட்டமே செல்லும் என்று 2006இல் கடிவாளம் பூட்டினர். பட்டவர் பாடம் நமக்கு வேண்டாமா?

சமரச மையத்தில் பேசி முடிக்கட்டும், வரவேற்கிறோம். அங்கே, வேண்டாம் என்று எழுந்து வரலாம். நடுவர் தீர்ப்பிலிருந்து எழுந்து வர முடியுமா? ஆகவே கேட்கிறோம்: நீதிபதிகளைக் கூட்டு! ஆறு திங்கள் என்ற சொல்லைக் காப்பாற்று! 60 நாளில் சோற்றுக்கு வழி செய்!

சோழன் ஆராய்ச்சி மணியை அரண்மனை வாயிலில் கட்டினான். அதனால்தான் கன்றை இழந்த பசுவுக்கும் அது எட்டியது. மணி ஒலிக்கவில்லையா? கயிற்றை மாற்றுங்கள். மணியையே கழற்றிச் செல்வன் வீட்டு அறைக்குள் கட்டாதீர்கள்!