இன்டிவிஜுவல் சாய்ஸ் (இசைத்தொகுப்பு)

இன்டிவிஜுவல் சாய்ஸ் என்பது பிரெஞ்சு வயலின் கலைஞர் ழான்-லுக் பொன்ட்டி 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ஜாஸ் ஃபியூஷன் இசைத்தொகுப்பாகும். வயலினுடன் சிந்தசைசர் பகுதிகளில் பெரும்பாலானவற்றையும் அவரே வாசித்துள்ளார். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் கிதாரும் ஜார்ஜ் டியூக்கின் சிந்தசைசரும் சில இடங்களில் மட்டுமே ஒலிக்கின்றன.

இதனை வெறும் இயந்திர இசை எனக் கருதுவோர் தலைப்புகளைக் கவனிப்பதில்லை. ஒரு தலைப்பு, உலக அமைதிக்கான கணினி மந்திரங்கள் எனப் பொருள்படும். அணு ஆயுதப் போட்டி உச்சத்திலிருந்த ஆண்டு அது. மற்றொன்று ஆஸ்கார் ரொமேரோவுக்கான அஞ்சலி. எல் சால்வடோரின் பேராயரான இவர், அடக்குமுறையை நிறுத்துமாறு படைவீரர்களுக்குக் கட்டளையிட்ட மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். இத்தொகுப்பு வெளிவந்தபோது அந்நாட்டு அரசுக்கு அமெரிக்கா இராணுவ உதவி அளித்துவந்தது. அமெரிக்க நிறுவனமான அட்லாண்டிக் வெளியிட்ட இசைத்தட்டில், ஒரு சொல்லும் பாடாமல், பெயரைக் கொண்டே பொன்ட்டி தம் நிலைப்பாட்டைப் பதிவுசெய்தார்.

கொலைக்கு உத்தரவிட்டவர் ராபர்ட்டோ டாபுய்சோன் என ஐ.நா. உண்மை ஆணையம் 1993இல் அறிவித்தது. அவரோ 1992இலேயே, தண்டனை பெறாமல், இறந்திருந்தார்.